தோள்பட்டை ஊசிக்குப் பிறகு சுகர் 348: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு வயது 61, ஊர் கோவில்பட்டி. பத்து வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், இரண்டு வேளையும் மெட்ஃபார்மின் 500. மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் 7.1. வலது தோள் இறுகிப்போய், தலை சீவிக் கொண்டை போடக்கூடக் கை எழும்பவில்லை என்று வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் ஊசி போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 290. சனிக்கிழமை 348. வெறும் வயிற்றில் மட்டும் 142. பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையை ரெண்டாகப் போடச் சொல்லியிருக்கிறார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கேட்பது: ஊசி தப்பாகிவிட்டதா, வியாதி முற்றிவிட்டதா, மாத்திரையைக் கூட்டலாமா?

முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். மூன்றாவதுக்கு, நீங்களாகக் கூட்டாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லுங்கள், மாத்திரைப் பட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். முப்பது வருடமாகத் தென் மாவட்டத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கதை மாதத்துக்கு இரண்டு முறையாவது என் மேசைக்கு வரும்.

தோள் இறுக்கத்துக்கு மூட்டுக்குள் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசி. டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன், வழக்கமாக 40 மில்லிகிராம். முழங்காலுக்குப் போடும் 'ஜெல் ஊசி' வேறு. அது சுகரை ஏற்றாது. அதனால் சீட்டை எடுத்து மருந்தின் பெயரை ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நம் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசாலின் நெருங்கிய சொந்தம்தான் அது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தில் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு. அடுத்த வருடமே மருந்தை நேராக மூட்டுக்குள் போடும் முறையும் வந்துவிட்டது.

மூட்டுக்குள் போட்ட மருந்து மூட்டிலேயே இருந்துவிட்டால் தொல்லை இல்லை. அது மெல்ல மெல்ல ரத்தத்தில் கசிகிறது. கசிந்த மருந்து உடம்பிடம் 'ஆபத்துக் காலம், சக்தியைத் தயாராக வை' என்று சொல்கிறது. கல்லீரல் நம் வீட்டுப் பழைய தானியக் குலுக்கை மாதிரி. அதன் வாயைத் திறந்துவிட்டால் சர்க்கரை கொட்டிக்கொண்டே இருக்கும். அதே நேரம் தசைகள் இன்சுலின் வந்து தட்டினாலும் கதவைச் சரியாகத் திறப்பதில்லை. சாப்பிட்ட இட்லியின் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே வாங்க வேண்டியவை தசைகள்தான். அவை முரண்டு பிடிப்பதால்தான் அம்மாவுக்குச் சாப்பிட்டபின் 348, வெறும் வயிற்றில் 142. இந்த இடைவெளியே ஸ்டீராய்டின் கைரேகை. வியாதி முற்றியதால் ஏறியிருந்தால் காலை எண்ணும் கூடவே ஏறியிருக்கும், அதுவும் இரண்டு நாளில் இப்படித் தாவியிருக்காது.

எத்தனை நாள்? ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம். பிறகு இறங்கி, ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். சிலருக்கு இன்னும் சில நாள் இழுக்கும். அம்மா இப்போது நிற்பது உச்சிக்குப் பக்கத்தில். அடுத்த வியாழனுக்குள் எண்கள் இறங்குமுகமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் பத்து நாள் தாண்டியும் 250, 300 என்று நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். சளி, மூத்திரத்தில் கிருமி, பல்லில் சீழ், அல்லது ஊசி போட்ட மூட்டிலேயே கிருமி.

இனி இன்றைக்கு என்ன செய்வது என்பது.

முதல் வேலை, அந்த 348 நிஜமா என்று பார்ப்பது. கிண்டலாகச் சொல்லவில்லை. போன மாம்பழ சீசனில் ஒரு பெரியவர் 412 என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். 'எப்போ பார்த்தீங்க?' என்றேன். பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாராம். எங்கள் நர்ஸ் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அதே விரலில் மறுபடி குத்தினார். 236. விரல் நுனியில் ஒட்டிய பழச்சாறு ஒரு சொட்டு ரத்தத்தோடு கலந்தால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்பிரிட் பஞ்சு மட்டும் தடவினால் போதாது, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சரியாகப் பார்த்தாலும் வீட்டு மீட்டரில் பதினைந்து சதவீதம்வரை முன்பின் இருக்கலாம். 348-க்கும் 320-க்கும் நடுவில் நின்று கவலைப்படாதீர்கள். போக்கு மேலேயா கீழேயா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். காலை வெறும் வயிறு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம், ராத்திரி படுக்கும் முன். ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை குத்தினால் ஸ்ட்ரிப் காலியாகும், அம்மாவுக்கு பயம் கூடும். பயமும் சுகரை ஏற்றும். நோட்டில் எண்ணோடு 'ஊசி போட்டு எத்தனையாவது நாள்' என்றும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, ராத்திரிப் பட்டினியை இன்றே நிறுத்த வேண்டும். எனக்கு 348-ஐ விடக் கவலையான செய்தி உங்கள் கேள்வியில் இதுதான். கிளிமிபிரைடு கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, ஒருநாள் முழுக்க வேலை செய்யும். இன்றைக்கு ஸ்டீராய்டு எதிர்த்து நிற்பதால் பட்டினி தெரியவில்லை. ஸ்டீராய்டு ஒதுங்கிப்போன நாளில் இதே பட்டினி இருந்தால் அம்மா விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி எழுந்திருப்பார், அல்லது எழுந்திருக்க மாட்டார்.

கஞ்சி விஷயத்துக்கு வருவோம். ஊசி, ஆபரேஷன், காய்ச்சல் என்றாலே நம் வீடுகளில் கஞ்சி, பிரெட், ரஸ்க், இளநீர். பார்க்க வருபவர்கள் கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். குழைய வெந்த அரிசிக் கஞ்சி வயிற்றில் நிற்பதே இல்லை, அரை மணி நேரத்தில் சர்க்கரையாகி ரத்தத்துக்கு வந்துவிடும். 'ஒண்ணுமே சாப்பிடலை, வெறும் கஞ்சிதான்' என்று சொல்லி 380 காட்டியவர்கள் எத்தனையோ பேர். அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஊசி தோளில்தான். வழக்கமான சாப்பாடு சாப்பிடட்டும், தட்டின் பங்கை மட்டும் மாற்றுங்கள். நான்கு இட்லி சாப்பிடுபவர் என்றால் இரண்டு இட்லி, காய் மிதக்கும் சாம்பார் நிறைய, கூடவே ஒரு அவித்த முட்டை. மதியம் சோறு ஒரு கரண்டி குறைத்து, கீரையும் மீனும் அல்லது சுண்டலும் கூட்டுங்கள். கருப்பட்டிக் காபியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், 'நம்ம ஊர் கருப்பட்டி ஒண்ணும் செய்யாது' என்பதை இந்த ஒரு வாரமாவது நம்ப வேண்டாம். கோவில்பட்டிக்காரரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, கடலைமிட்டாய் டப்பாவும் பரணுக்குப் போகட்டும்.

தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும். ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகம் சர்க்கரையை மூத்திரத்தில் விட ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரும் போகும். நாக்கு வறளும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டிவரும். வலது கை சரியாகப் பிடிக்காதவர் இருட்டில் பாத்ரூமுக்குப் போகிறார் என்பதையும் யோசியுங்கள். ஒரு சின்ன ராத்திரி விளக்கு போட்டு வையுங்கள். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு என்று தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

நடை. சாப்பிட்ட பதினைந்து நிமிடத்தில் எழுந்து ஒரு கால் மணி நேரம் நடக்கட்டும். வீட்டுத் தார்சாலே, அதாவது கூடமே போதும், கோவில்பட்டி வெயிலில் தெருவுக்குப் போக வேண்டாம். நடக்கும் தசை, இன்சுலின் தட்டாமலே கொஞ்சம் கதவைத் திறந்து சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். ஸ்டீராய்டால் அந்தப் பின்கதவை முழுதாகப் பூட்ட முடியாது. தோளில் ஊசி போட்டவருக்குக் கால் சும்மாதானே இருக்கிறது. முழங்காலில் போட்டிருந்தால் மட்டும் முதல் ஒன்றிரண்டு நாள் மூட்டுக்கு ஓய்வு தேவை.

இப்போது மாத்திரை. இன்றே சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டு, ஊசியின் பெயர், போட்ட நாள், மூன்று நாள் எண்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இரண்டு முறை தொடர்ந்து 300-க்கு மேல் வந்தால் அன்றே பேசிவிட வேண்டும் என்பது நான் என் நோயாளிகளுக்குச் சொல்லும் கணக்கு. அம்மா அந்தக் கோட்டில்தான் நிற்கிறார். பெரும்பாலான டாக்டர்கள் 'இப்படியே ரெண்டு நாள் பார்ப்போம்' என்பார்கள். சிலர் தற்காலிகமாக ஒரு மாத்திரை கூட்டுவார்கள். எண்கள் மிக உயரமாக இருந்தால் சில நாளைக்கு மட்டும் காலையில் ஒரு இன்சுலின் ஊசி எழுதுவார்கள். இன்சுலின் என்றதும் 'வாழ்நாள் முழுக்க மாட்டிக்கிட்டோம்' என்று அம்மா அழுதால், இது விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்விடும் என்று சொல்லுங்கள். எது எழுதினாலும் போனை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதை எத்தனை நாளைக்கு, எந்த எண் வந்தால் குறைக்கணும்?'

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏறும் சுகரை எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்கும் சுகரை யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, முழங்கால் ஊசிக்குப் பிறகு இதே மாதிரி 330 பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு கிளிமிபிரைடு 1-ஐ 2 ஆக்கிக்கொண்டார். நான்கு நாளில் 180-க்கு வந்தது. 'மருந்து நல்லா வேலை செய்யுது' என்று அதையே தொடர்ந்தார். இறக்கியது மாத்திரை மட்டும் இல்லை, ஸ்டீராய்டு தானாகவே வடிந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு, நைட்டி முழுக்க நனைந்து, மகளை யாரென்று தெரியாமல் ஏதோ பேசியிருக்கிறார். பக்கவாதம் என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸில் பார்த்த சுகர் 41. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் 'இங்கே எதுக்கு வந்தோம்?' என்று கேட்டாராம். நல்ல முடிவு. தனியாக இருக்கும் ஒருவருக்கு அப்படி முடியாது.

அதனால்தான் நோட்டில் அந்த 'எத்தனையாவது நாள்' கட்டம். ஐந்தாம் நாளிலிருந்து காலை எண்ணைக் கவனமாகப் பாருங்கள். கூட்டிய மருந்து ஓடிக்கொண்டிருக்க, வெறும் வயிற்றில் 100-க்குப் பக்கத்தில் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லிக் குறையுங்கள். கை நடுக்கம், திடீர்ப் பசி, வியர்வை, படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். ஆள் மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

உயரத்திலும் ஓட வேண்டிய நேரம் உண்டு. வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது, மூச்சில் பழவாசனை, பேச்சு குழறுகிறது, எழுப்பினால் மறுபடி தூங்கிவிடுகிறார் என்றால் எண் எதுவாக இருந்தாலும் மருத்துவமனை. மீட்டரில் எண்ணுக்குப் பதிலாக ஹெச், ஐ என்று இரண்டு எழுத்து வந்தாலும் அப்படியே. பெரும்பாலான மீட்டர்களில் அதற்கு 600-க்கு மேல் என்று அர்த்தம். 'மீட்டர் ஹாய் சொல்லுது டாக்டர்' என்று ஒரு தாத்தா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார், அன்றைக்கே அவரை ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். ஊசி போட்ட தோளில் முதல் நாளும் மறுநாளும் வலி கூடுவது சகஜம். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலியும் வீக்கமும் ஏறி, காய்ச்சலும் வந்தால் ஊசி போட்டவரிடம் உடனே காட்டுங்கள்.

சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்று கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றின் விலை இறங்கியபிறகு எல்லோர் சீட்டிலும் இருக்கின்றன. சாப்பிடாமல், வாந்தியோடு இருக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால் சுகர் 200 மட்டுமே இருக்கும்போதுகூட கொழுப்பு எரிந்து வரும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தாக ஏறிவிடலாம். பெரிய ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வதும் அதனால்தான்.

இதெல்லாம் ஊசிக்கு மட்டும் உரிய கதை இல்லை. பித்தப்பை ஆபரேஷனோ எலும்பு முறிவோ, கத்தி வைத்தாலே உடம்பு தன் சொந்த கார்டிசாலையும் அட்ரினலினையும் சுரந்து சுகரை ஏற்றிக்கொள்ளும். மயக்க டாக்டர் வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் போட்டிருக்கலாம், அதுவும் ஸ்டீராய்டுதான், அதன் ஏற்றம் ஒரு நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஐந்து சதவீத குளுக்கோஸ் டிரிப் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஐ.சி.யூ.வில் 'சுகர் 170 இருக்கு, ஏன் குறைக்க மாட்டேங்கிறாங்க?' என்று சண்டை போடும் சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல். 2009-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளைப் பார்த்தார்கள். சுகரை 81-லிருந்து 108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில், 180-க்குக் கீழ் வைத்தால் போதும் என்று விட்டவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 140-லிருந்து 180 என்ற கணக்கு நிலைத்தது.

அதற்காக ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை என்ன செய்தது என்று பார்த்தோம். ஆனால் அங்கே கொடுத்தது பல நாள் தொடர்ந்து. மூட்டில் ஒருமுறை போட்ட ஊசியை அதோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

ஊசி போட்டதற்காக அம்மாவைத் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் வருடக்கணக்கில் இழுக்கும். ஊசி வலியைக் குறைத்துத் தருவது சில வாரம். அந்தச் சில வாரத்தில் பயிற்சி செய்யாவிட்டால் ஏறிய சுகருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏறிப்போவது, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவது, மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்ப்பது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி மாதிரி ஆட்டுவது. எப்போது தொடங்கலாம் என்று எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஊசி தேவைப்பட்டால் முன்கூட்டியே சுகர் டாக்டருக்கும் தெரிவியுங்கள். இரண்டு மூட்டுக்கு ஒரே நாளில் வேண்டாம் என்று கேளுங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். வீட்டில் கல்யாணம், காதுகுத்து இருக்கும் வாரமாகப் பார்த்துப் போடாதீர்கள். முழங்கால் மாற்று அறுவை பற்றி யோசிப்பவர்கள், ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பிடிக்கும் ஆபத்து கூடும்.

கடைசியில் கேட்டிருந்தீர்களே, திங்கட்கிழமை லேபில் வழக்கமான டெஸ்ட் புக் செய்திருப்பதாக. அதைத் தள்ளிப் போடுங்கள். வெறும் வயிறு, சாப்பிட்டபின் இரண்டையும் இப்போது எடுத்தால் ஊசியின் எண்தான் வரும், அதைப் பார்த்து யாராவது நிரந்தரமாக மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள். மூன்று மாத சராசரி ஒரு வார ஏற்றத்தால் பெரிதாக அசையாது. எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வாரம் கழித்து எடுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.